ஹலீம் நானா உறங்கிக் காட்டிய நாள்

என் வேலையில் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். சிரித்துக்கொண்டு குறை சொன்னால் இரண்டு மடங்கு வரும். கல்லடியில் பதினாறு வருடமாக வாகனங்களுக்கு வயர் வேலை செய்கிறேன். நான் இழுத்த வயர் ஒன்றுகூட இதுவரை புகைந்ததில்லை, புகைந்ததெல்லாம் நான்தான். "உங்கட வாய்க்கும் ஒரு பியூஸ் போட்டு வைங்களன்" என்று என் மனைவி ஆர்த்திகா கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்ட நான், போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, என் வேலை பிழை என்று என் வாயாலேயே சொன்னேன். அதுவும் பொய்யாகச் சொன்னேன். ஆர்த்திகா இன்னும் நம்பவில்லை.

நஸீபா ராத்தாவும் அவர் கணவர் ஹலீம் நானாவும் காத்தான்குடியிலிருந்து பஸ்ஸோடு என் கராஜுக்கு வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. காத்தான்குடியில் அக்காவை ராத்தா என்றும் அண்ணனை நானா என்றும்தான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு பேர் ஏறுகிற, றோசா என்கிற ரகத்துப் பழைய பஸ். சீற்றுகளையெல்லாம் கழற்றிவிட்டு உள்ளே ஒரு கட்டில், சமைக்க ஒரு குட்டிக் குசினி, ஒரு பிரிட்ஜ், மூலையில் ஒரு கழிவறை என்று வீடாக மாற்றியிருந்தார்கள். காத்தான்குடிப் பிள்ளைகள் அதற்கு 'ஓடுற ஊடு' என்று பெயர் வைத்திருந்தார்கள். ஓட்டிக்கொண்டு வந்தது ஹலீம் நானா. பேசியது முழுக்க ராத்தா.

"பத்து வருசம் கத்தாரில ஊட்டு வேல செஞ்ச, தம்பி" என்றார் ராத்தா. "பிளேன்ல போன, பிளேன்ல வந்த. தோகாக் கடற்கரைல எத்தின விளக்குக் கம்பம் இரிக்கெண்டு கேளுங்க, சொல்லுவன். நுவரெலியா எப்பிடி இரிக்குமெண்டு கேட்டா எனக்குத் தெரியா. இவரோட ரெண்டு கிழமை ஊரச் சுத்தணும். வேற ஒரு ஆசையும் எனக்கில்ல."

ஹலீம் நானா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே, "மெசின் நிண்டா?" என்று மட்டும் கேட்டார்.

மெசின் என்றால் மூச்சு மெசின். உறக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வரும். முந்திக் கொழும்பு பஸ் ஓட்டிய ஆள். ராத்தா கத்தாரில் இருந்த காலத்தில், பட்டப்பகலில் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகத் தொடங்கியது. டொக்டர் பஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு மெசினை எழுதிக் கொடுத்தார். முகத்தில் மாஸ்க், மாஸ்க்கில் ஒரு குழாய், குழாயின் அடுத்த முனையில் காற்றை ஊதுகிற சின்னப் பெட்டி. அதை மாட்டிக்கொண்டு உறங்கினால் மறுநாள் ஆள் சுத்தமாக முழித்திருப்பார், தாராளமாக வாகனம் ஓட்டலாம். ஆனால் விடியும்வரை கரண்ட் நிற்கக் கூடாது.

பஸ்ஸில் இருந்த இரண்டு அசிட் பற்றரிகளும் செத்துப்போயிருந்தன. அதற்கு முன் போட்ட இரண்டும் செத்துப்போனவைதான். மூன்று மாதத்தில் நான்கு பற்றரி. நான்கையும் விற்றவர் ஹலீம் நானாவின் பள்ளிக்கூடச் சிநேகிதர் பதியுதீன். காத்தான்குடியில் பற்றரிக் கடை வைத்திருக்கிறார். பற்றரி சாகும்போது அவருக்குக் கவலை வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"லித்தியம் பற்றரி போடுவம், ராத்தா" என்றேன்.

"அதுக்கு எத்தின நாளைக்கு ஒருக்காத் தண்ணி ஊத்தணும்?" என்று கேட்டார் ஹலீம் நானா.

"ஊத்தத் தேவல்ல. மூடியே இல்ல."

"தண்ணி ஊத்தாத பற்றரிய எப்பிடி நம்புற?" என்றார். வெள்ளிக்கிழமை தோறும் ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்து பற்றரிக்குத் தண்ணீர் ஊற்றி வளர்ந்த மனிதர். அந்தக் கேள்விக்கு நான் கோபப்படவில்லை, ஒரு கேள்விதானே என்று விட்டுவிட்டேன். பிறகு கணக்கில்லாமல் கேள்வி வந்தது.

வேலை நான்கு நாள் பிடித்தது. கட்டிலுக்குக் கீழே இருநூறு அம்பியர் லித்தியம் வைத்தேன். கூரையில் இரண்டு சோலர் தகடு. எஞ்சினுக்கும் பற்றரிக்கும் நடுவில் ஒரு சார்ஜர். எஞ்சின் கரண்டை நேரே விட்டால் லித்தியம் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்த ஆள் மாதிரி, வைக்க வைக்கப் போதும் என்று சொல்லாது. எஞ்சினில் கரண்ட் உண்டாக்கிக் கொடுக்கிற ஒல்ரனேற்றர்தான் சூடேறிக் கருகும். அதனால் நடுவில் நின்று அளந்து பரிமாற ஒரு ஆள் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரு பெரிய மெயின் சுவிச்சு, அதற்குப் பக்கத்தில் ஒரு மீற்றர். எத்தனை மணிக்கு எவ்வளவு கரண்ட் போனது என்று அந்த மீற்றர் நிமிடக் கணக்கில் பதிந்து வைக்கும்.

இந்த நான்கு நாளும் ஹலீம் நானா ஒவ்வொரு தேநீருக்கும் ஒவ்வொரு சந்தேகத்தோடு வந்தார். வெயில் இல்லாவிட்டால்? எஞ்சின் சார்ஜ் பண்ணும். எஞ்சின் ஓடாவிட்டால்? சோலர் இருக்கிறது. வெயிலும் இல்லை, எஞ்சினும் ஓடவில்லை என்றால்? மூன்று இரவுக்குப் பற்றரியே போதும். குளிரில் பற்றரி விறைத்தால்? நுவரெலியாவில் அந்த அளவு குளிராது, நானா. யானை வந்தால்? நான் கையிலிருந்த பிளையரைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன். ஒரு சந்தேகத்தை அடைக்க அடைக்க அவர் முகம் தெளிய வேண்டும் அல்லவா? இவர் முகம் இருண்டுகொண்டே போனது. அதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும். வயரைக் கவனித்த அளவுக்கு நான் மனிதரைக் கவனிப்பதில்லை.

ராத்தா அப்படி இல்லை. நானா தேநீர்க் கடைக்குப் போயிருந்த நேரம் வந்து வாசற்படிக்கு வெளியே நின்று நல்ல கேள்வியாகக் கேட்டார். "இது முடியப்போகுதெண்டு எப்பிடித் தெரியும், தம்பி? லைட்டு மங்குமா?"

"இல்ல ராத்தா. அசிட் பற்றரிதான் மங்கி மங்கிச் சாகும். லித்தியம் கடைசி நிமிசம் மட்டும் ஒரே வெளிச்சம். முடிஞ்சா மறுகா டக்கெண்டு தானே வெட்டிப் போடும். மங்குறதெண்ட பேச்சே இல்ல. அதனால மீற்றரத்தான் பாக்கணும்."

ராத்தா தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

வேலை முடிந்த அன்று ஹலீம் நானா ஒரு நிபந்தனை போட்டார். அன்று கூட வந்திருந்த பதியுதீனும் பக்கத்தில் நின்று அவருக்குச் சொல்லிக் கொடுப்பதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸுக்குள்ள நான் உறங்கிப் பாக்கன். பிரிட்ஜ், காத்தாடி, லைட்டு, மெசின் எல்லாம் ஓடணும். ரெண்டு மணித்தியாலம் நிக்காம ஓடினா நுவரெலியாக்குப் போவம். நிண்டா பஸ்ஸ வித்துப் போடுவம். ஓட்டமாவடில ஒராள் கொத்து ரொட்டிக் கடை போடக் கேக்காரு."

ராத்தா உடனே அவர் பக்கம் திரும்பினார். "சரி, நிண்டா விப்பம்" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்கே பக்கென்றது. அந்தப் பஸ்ஸுக்காக அந்த மனுசி கத்தாரில் எத்தனை வீட்டுத் தரையைத் துடைத்திருப்பார்?

வெள்ளிக்கிழமை வந்தது. காத்தான்குடி ஆற்றங்கரையில், அவர்கள் வீட்டுக்குப் பின்னால், மரநிழலில் பஸ் நின்றது. ஜும்ஆ முடிந்து வந்த ஹலீம் நானாவுக்கு ராத்தா சோறும் கோழி ஆணமும் இறால் பொரியலும் இனிப்புக்கு வட்டிலப்பமும் வைத்தார். எனக்கும் அதே சாப்பாடுதான். சாப்பிட்டு முடித்த பிறகு என்னை யாராவது உறங்கச் சொல்லியிருந்தால் பற்றரியே இல்லாமல் நான் எட்டு மணித்தியாலம் உறங்கிக் காட்டியிருப்பேன்.

"ஒருத்தரும் உள்ள வரப்படாது" என்றார் ஹலீம் நானா. "ஆள் நிண்டா எனக்கு உறக்கம் வராது. நஸீபா, நீ ஊட்டுக்குள்ள போ."

மதியம் இரண்டு மணிக்கு பஸ் கதவு சாத்தியது. ராத்தா வீட்டுக்குள் போனார். நானும் பதியுதீனும் மரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்தோம். தெருவில் பந்தடித்த பிள்ளைகளைப் பதியுதீன் அதட்டித் துரத்தினார். மீன்காரன் ஹோர்ன் அடித்தபோது நான் எழும்பிப் போய் அவன் வாயை அடைத்தேன். ஒரு மனிதன் உறங்குவதற்கு இவ்வளவு பேர் முழித்திருந்து வேலை செய்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

இருபத்தைந்து நிமிடத்தில் கதவு திறந்தது. ஹலீம் நானா இறங்கி வந்தார். தலைமயிர் கலையவில்லை, உடுத்தியிருந்த சாரம் கசங்கவில்லை. முகம் மட்டும் செத்த வீட்டுக்குப் போய் வந்ததுபோல இருந்தது.

"படுத்துட்டு, தம்பி" என்றார்.

"என்ன படுத்த?"

"பற்றரி. முதல்ல காத்தாடி மெதுவாச்சி. மறுகா லைட்டு மங்கி மங்கி மஞ்சளாப் போச்சி. மெசின் முட்டுக்காரன் மூச்சு இழுக்கிற மாதிரி இழுத்திச்சி. அப்பிடியே படுத்துட்டு."

பதியுதீன் சிரித்தார். "நான் சொன்னன்தானே, தண்ணி ஊத்தாத பற்றரி தாங்காதெண்டு." சிரித்துக்கொண்டே சொன்னார்.

என் தலைக்குள் ஏறிய சூட்டில் ஒரு குடம் தண்ணீர் கொதித்திருக்கும். பஸ்ஸுக்குள் ஏறி, கட்டில் பலகையைத் தூக்கிப் பார்த்தேன். மெயின் சுவிச்சு ஓஃப் ஆகிக் கிடந்தது. மீற்றரில் பற்றரி தொண்ணூற்றெட்டு வீதம். இரண்டு பதினொன்றுக்கு ஒரே கோடாகக் கரண்ட் அறுந்திருந்தது. அதற்கு முன் ஒரு சொட்டும் குறையவில்லை.

ஹலீம் நானா சொன்ன மரணம் அச்சொட்டாகச் சரி. காற்றாடி அப்படித்தான் மெதுவாகும், விளக்கு அப்படித்தான் மஞ்சளாகும். ஆனால் அது அசிட் பற்றரி சாகிற விதம். ஆயுள் முழுக்க அசிட் பற்றரியோடு வாழ்ந்தவர், பொய் சொல்லும்போதும் அசிட் பற்றரியையே சாகடித்திருக்கிறார்.

"நானா, உள்ள வாங்க" என்று கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். "லித்தியம் மங்காது, நானா. இந்தச் சுவிச்ச ஆர் நிப்பாட்டின?"

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். மறுத்துப் பேசுவார், நானும் கத்தலாம் என்று ஆயத்தமாக நின்றேன். அவர் மறுக்கவில்லை.

"நான்தான்" என்றார். "அந்த நாலு பற்றரியும் நான்தான். ராப்பகலா லைட்டப் போட்டு விட்டு வத்த வெச்ச."

"ஏன் நானா? ராத்தாவோட போக உங்களுக்கு விருப்பமில்லையா?"

"விருப்பமில்லாம?" அவர் குரல் உடைந்தது. தலையணைக்குக் கீழே கையை விட்டு அந்த மாஸ்க்கை எடுத்துக் காட்டினார். "இதப் பாருங்க. இதப் போட்டா நான் மனிசன் மாதிரியா இரிப்பன்? அவ போகக்குள்ள நான் எப்பிடி இரிந்த தெரியுமா? ஒத்தக் கையால பஸ்ஸத் திருப்புவன். பத்து வருசம் கழிச்சி வந்த பொம்புளைக்கு, மூஞ்சில குழாயும் வாரும் மாட்டிக்கிட்டு இரிக்கிற கிழவனையா காட்டுற? அவ வந்து எட்டு மாசம். முன் அறைல கதவப் பூட்டிட்டுத்தான் உறங்கிற. மெசின் சத்தத்தில ஒனக்கு உறக்கம் கெடும் எண்டு சொல்லி வெச்சிரிக்கன். இஞ்ச எங்க போய் ஒளிய? இரிக்கிறது ஒரு கட்டில்."

நான் மாஸ்க்கைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். கத்துவதற்கென்று வாயில் வைத்திருந்த எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதாயிற்று. 

வெளியே ராத்தாவின் குரல் கேட்டது. "என்ன நடந்த, தம்பி?"

ஹலீம் நானா என் கையைப் பிடித்தார். 

நான் இறங்கினேன். ராத்தா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நின்றார், பதியுதீன் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பதினாறு வருடப் பெயர். இந்த ஆள் பின்னேரமே காத்தான்குடி முழுக்கப் பரப்புவார், நாளைக்கு ஏறாவூரில் பேசுவார்கள், நாளன்றைக்குக் களுவாஞ்சிக்குடி வரை போகும். உண்மையைச் சொன்னால் என் பெயர் மிஞ்சும். உள்ளே இருக்கிற மனிதருக்கு என்ன மிஞ்சும்? சொல்லாவிட்டால் ராத்தாவின் பஸ் கொத்துக் கடையாகும். எந்தப் பக்கம் தொட்டாலும் ஷொக் அடிக்கிற வயர் அது. எப்படியும் இன்னொரு பரீட்சை கேட்டு வாங்கலாம் என்ற நினைப்பில் வாயைத் திறந்தேன்.

"பிழை என்ட வேலையில, ராத்தா" என்றேன். "ஒரு வயர் சரியா இறுகல்ல. பற்றரி... மெதுவா... லைட்டெல்லாம் மங்கி..."

சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ராத்தாவின் கண் சுருங்கியது.

"மங்கினதா?"

"ஓம்... கொஞ்சம்."

"லித்தியம் மங்காதெண்டு நீங்கதானே எனக்குச் சொன்ன?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் ஹலீம் நானாவின் பொய்யையே இரவல் வாங்கினால் இப்படித்தான் ஆகும். நான் தலையைச் சொறிந்தேன். ராத்தா என்னைப் பார்த்தார், சாத்தியிருந்த பஸ் கதவைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று அவர் மூச்சு விட்ட விதத்தில் எனக்கு விளங்கியது.

"பதியுதீன் காக்கா, நீங்க ஊட்டுக்குப் போங்க. பற்றரில ஒரு கொறையும் இல்ல" என்றார். அவர் போகும்வரை காத்திருந்தார். பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கதவை அகலத் திறந்துகொண்டு பஸ்ஸில் ஏறினார்.

நான் வெளியே நின்றேன். போயிருக்க வேண்டும், கால் வரவில்லை.

ஹலீம் நானா மாஸ்க்கைத் தலையணைக்குக் கீழே தள்ளப் பார்த்தார். ராத்தா கையை நீட்டி அதை வாங்கினார். புரட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார்.

"இத எப்ப கழுவின? ஊத்தையாக் கிடக்கு."

"நஸீபா, தா இஞ்ச..."

"வாரும் பிழையாக் கட்டியிரிக்கு. இப்பிடிக் கட்டினா காத்து மூக்குக்குப் போகாது, கண்ணுக்குள்ளதான் போகும். அதுதான் காலைல கண் சிவந்திரிக்கிற." பேசிக்கொண்டே குசினித் தொட்டியில் கழுவினார், உதறினார், துணியில் ஒற்றினார். மெயின் சுவிச்சைப் போட்டார். குழாயை ஒரே திருகில் பொருத்தினார். கைகள் யோசிக்கவே இல்லை.

"ஒனக்கு எப்பிடி இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டார் ஹலீம் நானா.

"கத்தாரில நான் பாத்த பெரியவருக்கும் இந்த மெசின்தான். ஆறு வருசம். ராவைக்கு மாட்டிவிட்டு அவர்ட அறை வாசல்ல பாயப் போட்டுப் படுப்பன். விடியச் சுபஹுக்குக் கழட்டிக் கழுவுவன்."

"நீ சொல்லவே இல்லையே."

"மெசின்ட பேச்ச எடுத்தாலே எழும்பிப் போய்க் கதவப் பூட்டுற ஆளிட்ட எப்பிடிச் சொல்ற?" அதுவரை வேலைக்காரி மாதிரி மளமளவென்று வந்த குரல் அந்த இடத்தில் தடுக்கியது. "ஆரோ ஒருத்தர்ட முகத்த ஆறு வருசம் இதோட பாத்த. என்ட மனிசன்ட முகத்தப் பாக்க மட்டும் எனக்குக் குடுத்து வைக்கல்ல."

நான் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது என்று சொல்லத் தெரியும், சொல்லவில்லை. அழுதேன்.

திரும்பிப் பார்த்தபோது ஹலீம் நானா மல்லாக்கப் படுத்திருந்தார். முகத்தில் மாஸ்க், நெற்றியில் ராத்தாவின் கை. காற்றாடி ஓடியது, விளக்கு பளிச்சென்று எரிந்தது, மெசின் கடற்கரைக் காற்றுபோல மெல்ல ஊதியது. பத்து நிமிடத்தில் அவர் வயிறு ஒரே சீராக ஏறி இறங்கியது. பிள்ளைகள் மறுபடியும் பந்தடிக்க வந்து கத்தினார்கள், மீன்காரன் இரண்டு முறை ஹோர்ன் அடித்தான். அவர் அசையவில்லை.

ராத்தா வாசற்படிக்கு வந்து நின்றார். முகம் கழுவினதுபோல இருந்தது.

"பரீட்சைக்கு இன்னும் ஒண்டே முக்கா மணித்தியாலம் இருக்கு, ராத்தா" என்றேன். பிறகு, இத்தனை நாளும் எனக்குள் கிடந்த கேள்வியை, வாய்க்குப் பியூஸ் இல்லாத காரணத்தால், கேட்டும்விட்டேன். "குறை நினைக்காதீங்க. வாடகைக்கு ஒரு வானப் பிடிச்சிப் போய் ஹோட்டல்ல தங்கியிருக்கலாமே? அங்க கரண்ட் நிக்காது. இந்தப் பஸ், லித்தியம், சோலர் ஒண்டும் தேவல்லையே. ஏன் இவ்வளவு பாடு?"

ராத்தா உள்ளே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஹோட்டல்ல ரெண்டு அறை எடுப்பாரு, தம்பி. எங்கட ஊட்டில மூணு அறை. பாத்துப் பாத்துத்தான் பஸ் வாங்கின."

சொல்லிவிட்டுக் கதவை உள்ளிருந்து மெல்லச் சாத்தினார்.